வீட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிகளுக்கு லைசென்ஸ் வேணும்: டெல்டாவுலேர்ந்து ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத்துறைக்கும், சமூக நலத்துறைக்கும், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட கலெக்டர்களுக்கும்,

வணக்கம்.

நான் திருவாரூர் மாவட்டத்துல கிராம சுகாதார செவிலியரா வேலை பாத்து ரிட்டையர் ஆனவ. இந்தப் பக்கத்து ஊர்கள்ல என்னை நர்சம்மான்னுதான் கூப்பிடுவாங்க, இப்பவும் யாருக்காவது உடம்பு முடியலன்னா முதல்ல எனக்குத்தான் போன் வரும். அந்த போன்கள்லேர்ந்துதான் இந்த மடலை எழுதுறேன்.

கேக்க வந்தது ஒரே விஷயம். வயசானவங்களை, படுத்த படுக்கையா கிடக்குறவங்களை பாத்துக்க வீட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிகளுக்கு, அதாங்க ஹோம் கேர், ஹோம் நர்சிங், முதியோர் பராமரிப்புன்னு போர்டு வெச்சிருக்காங்களே அவங்களுக்கு, மாநில அரசு லைசென்ஸ் கட்டாயமாக்கணும். குடுத்துட்டு அப்படியே விட்டுடாம கண்காணிக்கணும். யாருக்கு லைசென்ஸ் இருக்கு யாருக்கு ரத்தாச்சுன்னு ஊர் ஜனங்க எல்லாரும் பாக்குற மாதிரி லிஸ்ட் இருக்கணும். ஏதாவது ஆச்சுன்னா போய் சொல்ல ஒரு ஆபீஸ் இருக்கணும்.

நம்ம பக்கம் நிலைமை உங்களுக்குத் தெரியாதது இல்ல. 2011 சென்சஸ்லயே தமிழ்நாட்டுல நூத்துக்கு பத்து பேருக்கு மேல 60 வயசு தாண்டினவங்க, அதுக்கப்புறம் அது ஏறிட்டேதான் போகுது. டெல்டா கிராமங்கள்ல ஒரு தெருவுல நடந்து பாருங்க, பெரிய பெரிய வீடு, உள்ள ரெண்டே ரெண்டு பேர், இல்லன்னா ஒருத்தர். பசங்க திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா. கஜா புயலுக்கு அப்புறம் தென்னை போச்சு, மீதி இருந்தவங்கள்லயும் பல பேர் கிளம்பிட்டாங்க. பசங்க மேல தப்பு சொல்ல நான் வரல, ஆத்துல எப்ப தண்ணி வரும்னு பாத்துட்டு எத்தனை நாள் உக்காந்திருக்க முடியும். அவங்க பணம் அனுப்புறாங்க, தினம் வீடியோ கால்ல பேசுறாங்க, ஆனா அப்பாவை தூக்கி உக்கார வைக்க, அம்மாவுக்கு டயபர் மாத்த ஒரு ஆள் வேணும். அந்த ஆளை இன்னிக்கு ஏஜென்சிதான் குடுக்குது. அதனால ஏஜென்சியே வேண்டாம்னு நான் சொல்லல, அவங்க இல்லாட்டி பல வீடு நடக்காது.

எப்படி நடக்குதுன்னு சொல்றேன். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரில இருந்தவரை டிஸ்சார்ஜ் பண்றாங்க, மூக்குல டியூப், யூரின் போக டியூப், ஒரு பக்கம் கை கால் வரல. வீட்ல எழுபது வயசு அம்மா மட்டும். வார்டுல யாரோ ஒருத்தர் ஒரு நம்பர் குடுக்குறாங்க. மகன் வெளிநாட்டுலேர்ந்து அந்த நம்பருக்கு பேசுறாரு, அவங்க நல்லா ட்ரெயினிங் ஆன ஆளு சார், நர்ஸ் மாதிரிதான்னு சொல்றாங்க, ஒரு மாசப் பணமும் ரெஜிஸ்ட்ரேஷன் சார்ஜும் ஜிபே பண்ணச் சொல்றாங்க. மறுநாள் காலைல ஒரு பொண்ணு ஒரு பையோட பஸ்ஸ்டாண்டுல வந்து நிக்குது. அவ்வளவுதான். அந்தப் பொண்ணோட ஆதார் ஜெராக்ஸ் வாட்ஸ்அப்ல வரும், சில சமயம் அதுவும் வராது. என்ன படிச்சா, இதுக்கு முன்னாடி எந்த வீட்ல இருந்தா, என்னென்ன தெரியும், என்னென்ன தெரியாது, எதுவும் பேப்பர்ல இல்ல. பில் இல்ல. ஏஜென்சி அட்ரஸ் கேட்டா ஒரு ஊர் பேர் வரும், தெரு வராது. நான் விசாரிச்சுப் பாத்ததுல ஒரு ஏஜென்சிங்கிறது ஒரு போன், ஒரு நோட்டு, பஸ்ஸ்டாண்ட் சுவத்துல ஒட்டுற பிட் நோட்டீஸ், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

கவர்ன்மெண்ட்ல பதிவு பண்ணிருக்கோம்னு சிலர் ஒரு பேப்பர் காட்டுவாங்க. வாங்கிப் பாத்தா அது உத்யம் சர்டிஃபிகேட். சின்னத் தொழில் பண்ற யாரு வேணும்னாலும் ஆன்லைன்ல தன்னோட விவரத்தை தானே நிரப்பி வாங்குறது அது, முறுக்கு போடுறவங்களும் வாங்கலாம், தப்பே இல்ல. ஆனா அதுக்கும் ஒரு நோயாளியை பாத்துக்கத் தெரியுமாங்கிறதுக்கும் சம்பந்தமே கிடையாது. அரசு முத்திரை போட்ட பேப்பரைப் பாத்ததும் வீட்ல இருக்கவங்க நம்பிடுறாங்க, அவங்களை குத்தம் சொல்லவும் முடியாது, ஏன்னா அதுக்கு மேல என்ன பேப்பர் கேட்டு வாங்கணும்னு அவங்களுக்கு யாரும் சொன்னதில்ல.

இதுல என்ன பெரிய ஆபத்து, குளிப்பாட்டி சோறு ஊட்டுறதுதானேன்னு நினைக்கலாம். அங்கதான் விஷயமே இருக்கு. ஒரு சின்ன உதாரணம் சொல்றேன். நம்ம ஊர்ல இன்சுலின் ரெண்டு பலத்துல கிடைக்குது, ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது ஒண்ணு, 100 யூனிட் உள்ளது ஒண்ணு. ரெண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச், 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 மருந்தை 40 சிரிஞ்சுல அதே கோடு வரைக்கும் இழுத்தா ரெண்டரை மடங்கு மருந்து உள்ள போயிடும். சுகர் விழுந்து, வேர்த்துக் கொட்டி, நினைவு தப்பும். எங்க பக்கத்து ஊர் ஒரு வீட்ல இதேதான் நடந்துச்சு. பெரியம்மா அசந்து தூங்குறாங்கன்னு அந்தப் பொண்ணு போத்தி விட்டுட்டு உக்காந்திருந்தா, பக்கத்து வீட்டுக்காரங்க சந்தேகப்பட்டு எனக்கு போன் பண்ணாங்க, போய் தொட்டா உடம்பு ஜில்லுன்னு நனைஞ்சு கிடக்கு. 108 வந்து குளுக்கோஸ் ஏத்தினதுல பொழைச்சாங்க. அந்தப் பொண்ணு மேல எனக்கு கோவமே வரல. பத்தாவது வரைக்கும் படிச்சவ, போன மாசம் வரைக்கும் துணிக்கடைல நின்னவ, ஏஜென்சி அவளை நர்ஸ்னு சொல்லி அனுப்பிருக்கு, ஊசி போடத் தெரியுமான்னு கேட்டா தெரியும்னு சொல்லுன்னு சொல்லி அனுப்பிருக்கு. அவ அழுத அழுகையை பாத்தவங்க யாரும் அவளைத் திட்டிருக்க மாட்டாங்க. ஏஜென்சிக்கு போன் பண்ணா வேற ஆளு மாத்தித் தரோம்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. அந்தப் பொண்ணு அடுத்த வாரம் வேற எந்த வீட்டுக்குப் போனாளோ, அங்கயும் நர்ஸ்னுதான் போயிருப்பா.

மூக்கு டியூப்ல கஞ்சி ஊத்துறதும் இப்படித்தான். டியூப் வயித்துலதான் இருக்கான்னு பாக்கணும், தலைமாட்டை நல்லா உயர்த்தி வெச்சு ஊத்தணும், ஊத்தி முடிச்ச பிறகும் அரை மணி நேரமாவது ஆகாம படுக்க வெக்கக் கூடாது. மல்லாக்கப் படுக்க வெச்சு ஊத்தினா நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆயிடும். படுக்கைப் புண்ணு வராம இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வெக்கணும், ராத்திரியும்தான். முதுகுக்குக் கீழ, குதிகால்ல, இடுப்பு எலும்பு மேல தோலு சிவக்குதான்னு தினம் பாக்கணும். சிவப்பா இருக்கும்போது கண்டுபிடிச்சா சரி பண்ணிடலாம், குழி விழுந்து எலும்பு தெரியுற அளவுக்குப் போன பிறகு எனக்கு போன் வந்தா நான் என்ன பண்ண முடியும். இதெல்லாம் பெரிய படிப்பு ஒண்ணும் இல்ல, சொல்லிக் குடுத்தா யாரும் கத்துக்குவாங்க. சொல்லிக் குடுத்தாத்தான்.

சரி, சட்டம் என்ன சொல்லுதுன்னு பாப்போம். வாட்ச்மேன் அனுப்புற ஏஜென்சிக்கு 2005லயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கு, தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். லைசென்ஸ் இல்லாம அந்தத் தொழிலே பண்ணக் கூடாது, அனுப்புற ஆளோட பின்னணியை விசாரிச்சிருக்கணும், ட்ரெயினிங் குடுத்திருக்கணும், மேல சூப்பர்வைசர் இருக்கணும், லைசென்ஸை ஆபீஸ்ல எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி மாட்டி வெக்கணும். கேட்டுக்கு வெளிய நிக்குறவருக்கு இவ்வளவு இருக்கு, நல்லது, இருக்கட்டும். வீட்டுக்குள்ள, பேச்சு வராத ஒரு ஆள் பக்கத்துல ராத்திரி பகலா இருக்கப் போறவங்களை அனுப்புறதுக்கு இதுல ஒண்ணு கூட வேண்டாமா? லேடீஸ் ஹாஸ்டல் நடத்த 2014 சட்டப்படி கலெக்டர்கிட்ட லைசென்ஸ் வாங்கணும். கிளினிக், லேப், ஆஸ்பத்திரின்னா தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997, அதுக்கான விதிகள் 2018ல வந்துச்சு, மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர், அதாங்க ஜேடி, ஆபீஸ்ல பதிவு பண்ணணும். ஆனா அந்தச் சட்டம் நோயாளி வந்து போற இடத்தை மனசுல வெச்சு எழுதினது. நாங்க வைத்தியம் பாக்கலயே, ஆளுதான அனுப்புறோம்னு ஏஜென்சிக்காரங்க சொல்லிட்டா அத்தோட முடிஞ்சுது.

பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம் 2007 இருக்கே, வருவாய்க் கோட்டாட்சியர், அதாங்க ஆர்டிஓ, தலைமையில இருக்கிற தீர்ப்பாயத்துக்குப் போகலாமேன்னு சிலர் சொல்றாங்க. போகலாம், பிள்ளை சோறு போடலன்னா போகலாம், மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் வாங்கிக் குடுக்க அந்தத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருக்கு. பிள்ளை ஒழுங்கா பணம் அனுப்பி, நடுவுல இருக்கிற ஏஜென்சி ஏமாத்தினா அங்க என்ன சொல்றது? இந்த ஓட்டையை டெல்லியே பாத்துச்சு. 2019 டிசம்பர்ல அந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா லோக்சபாவுல கொண்டு வந்தாங்க, அதுல வீட்டுக்கு வந்து பராமரிக்கிற சேவை நடத்துறவங்களும் மாநிலத்துல பதிவு பண்ணணும், பயிற்சி பெற்ற ஆளத்தான் வெச்சுக்கணும்னு இருந்துச்சு. நிலைக்குழுவுக்குப் போச்சு, அறிக்கையும் வந்துச்சு, ஆனா நிறைவேறவே இல்ல, அந்த லோக்சபா முடிஞ்சதோட மசோதாவும் போயிடுச்சு. டெல்லியை பாத்துட்டு இருக்க வேண்டியதில்ல. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிகளை கட்டுப்படுத்த சத்தீஸ்கர் 2013லயே தனியா சட்டம் போட்டாங்க, டெல்லி மாநில அரசு 2014ல ஒரு ஆணை போட்டாங்க. மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சு வீடு வீடா பிரஷர் மாத்திரை குடுத்த நம்ம மாநிலம் இதுல பின்னாடி நிக்கிறது எனக்கு மனசு ஆறல.

வெளியூர்ல எப்படின்னு ஒண்ணே ஒண்ணு சொல்றேன், நம்ம ஊர் பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிற இடம்ங்கிறதால. அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாகாணத்துல 2013ல இதுக்குன்னே சட்டம் போட்டு 2016 ஜனவரி 1லேர்ந்து அமல்படுத்துறாங்க. அங்க ஏஜென்சி மாகாண சமூக சேவைகள் துறைகிட்ட லைசென்ஸ் எடுக்கணும். அவங்க அனுப்புற ஒவ்வொரு ஆளும் கைரேகை குடுத்து குற்றப் பின்னணி இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் பதிவேட்டுல வருவாங்க, டிபி இல்லைன்னும் காட்டணும், வேலைக்குப் போறதுக்கு முன்னாடி 5 மணி நேரம், அப்புறம் வருஷா வருஷம் 5 மணி நேரம் பயிற்சி. அந்தப் பதிவேட்டை வீட்டுக்காரங்க ஆன்லைன்லயே பாத்துக்கலாம். முக்கியமா, குளிப்பாட்டி சாப்பாடு குடுத்து துணைக்கு இருக்கிற வேலை தனி, ஊசி டியூப் புண்ணுன்னு நர்சிங் வேலை பண்ற ஏஜென்சி தனி, அதுக்கு வேற துறை, வேற லைசென்ஸ். 5 மணி நேரம் ரொம்பக் கம்மி, நம்ம ஊர்ல அதைக் காப்பி அடிக்க வேண்டாம், ஒரு படுத்த படுக்கை நோயாளியை புரட்டக் கத்துக்கவே அது பத்தாது. ஆனா அந்த ரெண்டாப் பிரிச்சதும், எல்லாரும் பாக்குற பதிவேடும், அது ரெண்டும் நமக்கு அப்படியே வேணும்.

இப்ப இதுல யாரும் பேசாத ஒரு பக்கம். லைசென்ஸ்னு ஆரம்பிச்சா எல்லாரும் உடனே போலீஸ் வெரிஃபிகேஷன், நகை, திருட்டுன்னு அந்தப் பொண்ணுங்க மேலதான் பாயுவாங்க. வெரிஃபிகேஷன் வேணும், நம்ம போலீஸ்ல ஆன்லைன்லயே அதுக்கு வழி இருக்கு, ஏஜென்சி செலவுல பண்ணட்டும். ஆனா இந்த வேலைக்கு வர்ற பொண்ணுங்க யாருன்னு பாத்திருக்கீங்களா? புருஷன் போனவங்க, புருஷன் குடிச்சே அழிச்சவங்க, பிள்ளையை அம்மாகிட்ட விட்டுட்டு பீஸ் கட்டணும்னு வந்தவங்க. 24 மணி நேர டியூட்டிங்கிறாங்க. 24 மணி நேரம் ஒரு மனுஷி முழிச்சிருக்க முடியுமா, சொல்லுங்க? ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து புரட்டி, விடியக்காலைல எழுந்து படுக்கையை மாத்தி, நடுவுல வீட்டுக்காரங்க பாத்திரம் தேய்க்கச் சொல்லி, வார லீவு இல்லாம, ஒரு மாசம் ரெண்டு மாசம்னு ஒரே வீட்டுக்குள்ள. அறுபது கிலோ ஆளை தனியா தூக்கித் தூக்கி இடுப்பு போன பொண்ணுங்களை எனக்குத் தெரியும். வீட்ல குடுக்குற பணத்துல ஏஜென்சி எவ்வளவு எடுக்குதுன்னு பணம் குடுக்குறவங்களுக்கும் தெரியாது, வேலை பாக்குறவளுக்கும் தெரியாது. நடுவுல வேலையை விட்டு நிக்கலாம்னு நினைச்சா முதல் மாசப் பணம் பிடிச்சிப்பாங்க, சிலர் ஒரிஜினல் ஆதாரையே வாங்கி வெச்சுக்கிறாங்க. அசதில அவ ஒரு தடவை கண்ணசந்தா நோயாளிக்குத்தான் கேடு, ஆக அவளுக்கு ஓய்வு குடுக்குறதும் நோயாளியைக் காப்பாத்துறதும் ஒரே வேலை, ரெண்டையும் பிரிச்சு ஒரு சட்டம் எழுதினீங்கன்னா அது நிக்காது.

தப்பான பார்வை பாக்குற வீடும் இருக்கு, கையை வெக்கிற வீடும் இருக்கு, அதை இந்த மடல்ல எழுதாம விட எனக்கு மனசு வரல. 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி வீடும் பணியிடம்தான், மாவட்டத்துல உள்ளூர்க் குழு இருக்கணும், அங்க புகார் குடுக்கலாம். இது அந்தப் பொண்ணுங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? லைசென்ஸ் குடுக்கும்போது ஒரு கண்டிஷன் போடுங்க, ஒவ்வொரு ஆளுக்கும் கைல ஒரு கார்டு, அதுல அந்தக் குழுவோட நம்பர், நல வாரியத்துல சேர்ற வழி, சம்பளம் எவ்வளவு, லீவு எந்த நாள், தமிழ்ல, பெரிய எழுத்துல. வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007லேர்ந்து இருக்கு, அதுல இவங்க சேரணும்னா ஏஜென்சிதான் சேர்த்து விடணும்னு சொல்லிடுங்க.

என்னென்ன வேணும்னு நான் நினைக்கிறதை வரிசையா இல்லாம மனசுல வர்றபடி சொல்லிடுறேன். ஏஜென்சி எந்த வகைன்னு போர்டுலயே போடணும், துணைக்கு ஆள் அனுப்புறதா நர்ஸ் அனுப்புறதா. நர்ஸ்ங்கிற வார்த்தையை தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்ல பதிவு நம்பர் இருக்கவங்களுக்கு மட்டும்தான் பயன்படுத்தணும், ஏஎன்எம்ங்கிற துணை செவிலியர் படிப்பு ரெண்டு வருஷம் படிச்சு வர்றோம், ஜிஎன்எம்ங்கிற நர்சிங் டிப்ளமோ மூணு வருஷம், அந்தப் பேரை நோட்டீஸ்ல சும்மா போட்டுக்கக் கூடாது. துணைக்கு வர்றவங்க ஊசி போடக் கூடாது, டியூப் மாத்தக் கூடாதுன்னு எழுத்துல இருக்கணும், வீட்டுக்காரங்களும் அதுல கையெழுத்து போடணும், ஏன்னா பாதி நேரம் ஊசி போடும்மான்னு கட்டாயப்படுத்துறது வீட்டுக்காரங்கதான். ஒவ்வொரு ஏஜென்சிக்கும் பொறுப்பா ஒரு பதிவு பண்ண நர்ஸ் இருக்கணும், ஆளை அனுப்புறதுக்கு முன்னாடி அவங்க நேர்ல வீட்டுக்கு வந்து நோயாளியைப் பாத்து, என்னென்ன பண்ணணும்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சுட்டுப் போகணும், மாசம் ஒரு தரமாவது வந்து முதுகைத் திருப்பிப் பாக்கணும். அந்த நோட்டு வீட்லயே இருக்கணும், எந்த டாக்டர் கேட்டாலும் காட்டணும். திடீர்னு ஆளை எடுத்துட்டுப் போகக் கூடாது, பண்டிகை நேரத்துல இது பெரிய கொடுமை, பொங்கலுக்கு முதல் நாள் ஆளைக் கூட்டிட்டுப் போயிட்டு போனை ஆஃப் பண்ணிட்ட ஏஜென்சியால ஒரு தாத்தா மூணு நாள் எங்க கைலதான் இருந்தாரு, எங்க கைன்னா தெருவுல இருக்க பொம்பளைங்க முறை போட்டு பாத்துக்கிட்டோம். பில் குடுக்கணும், அதுல ஆளுக்கு எவ்வளவு ஏஜென்சிக்கு எவ்வளவுன்னு பிரிச்சுப் போடணும்.

பயிற்சிக்கு புதுசா கட்டடம் கட்ட வேண்டாம். வீட்டு சுகாதார உதவியாளர் கோர்ஸ் ஏற்கனவே திறன் பயிற்சில இருக்கு, திறன் மேம்பாட்டுக் கழகம் இருக்கு, தஞ்சாவூர்லயும் திருவாரூர்லயும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, அங்க வார்டுல ஒரு மாசம் நின்னு கத்துக்கட்டும். பயிற்சி நாளுக்கு கைல ஏதாவது பணம் குடுங்க, இல்லன்னா வர மாட்டாங்க, அன்னன்னைக்கு சம்பாதிச்சாத்தான் அடுப்பு எரியும்ங்கிறவங்ககிட்ட ஒரு மாசம் சும்மா வான்னு சொல்ல முடியாது. மகளிர் குழுக்கள்லேர்ந்து ஆள் எடுத்தா இன்னும் நல்லது, குழுவே ஒரு ஏஜென்சியா நடத்தலாம், அவங்களுக்கு லைசென்ஸ் பீஸே வேண்டாம்.

லைசென்ஸ்னா லஞ்சம்தான், இன்னொரு ஆபீஸ் இன்னொரு கவர்னு நிறைய பேர் எங்கிட்ட சொல்லிட்டாங்க. நியாயமான பயம்தான். கிராமத்துல நாலஞ்சு பொண்ணுங்களை வெச்சுக்கிட்டு நல்லபடியா நடத்துற ஒரு அக்காவும் இருக்காங்க, அவங்களை பேப்பரைக் காட்டி விரட்டிட்டு சிட்டிலேர்ந்து வர்ற பெரிய கம்பெனிக்கு மட்டும் வழி விட்டீங்கன்னா அதுவும் தப்பு. அதனால பத்து பேருக்குக் கீழ இருக்கிற ஏஜென்சிக்கு பீஸ் கம்மியா, ஃபார்ம் ஒரு பக்கமா வெச்சுடுங்க, இத்தனை நாளுக்குள்ள பதில் குடுக்கலன்னா ஏன் குடுக்கலன்னு அந்த ஆபீசர் எழுத்துல சொல்லணும்னு வெச்சுடுங்க. லிஸ்ட் வெளிப்படையா இருந்தா பாதி லஞ்சம் தானா குறையும், இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டையும் சேத்துப் போட்டா மீதியும் குறையும்.

கண்காணிக்கிறது எப்படி, வீட்டுக்குள்ள அரசாங்கம் வர முடியாதேன்னு அடுத்த கேள்வி வரும். வர வேண்டாம், வீட்டுக்காரங்க சம்மதிச்சா வாங்க. ஏஜென்சி நோட்டைப் பாருங்க, அதுல இருக்கிற பத்து வீட்டுக்கு நீங்களா போன் பண்ணிக் கேளுங்க, பத்து பொண்ணுங்களைத் தனியா கூப்பிட்டு சம்பளம் வந்துச்சான்னு கேளுங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல போற தன்னார்வலர்களும், வலி நிவாரண நர்சும், பிசியோவும் ஏற்கனவே அந்த வீடுகளுக்குப் போயிட்டுதான் இருக்காங்க. அவங்க ஃபார்ம்ல மூணே மூணு கேள்வி சேருங்க, இந்த வீட்ல ஏஜென்சி ஆள் இருக்காங்களா, எந்த ஏஜென்சி, படுக்கைப் புண்ணு இருக்கா. ஆறு மாசத்துல எந்த ஏஜென்சி போன வீட்ல புண்ணு ஜாஸ்தின்னு உங்க கம்ப்யூட்டரே சொல்லிடும்.

இன்னொண்ணு மனசுல கிடந்து அறுக்குது. 2004 ஜூலை 16 கும்பகோணத்துல 94 குழந்தைங்களை தீயில குடுத்தோம், அதுக்கப்புறம்தான் ஸ்கூல் கூரையெல்லாம் கீத்தை எடுத்தாங்க. 2001ல ஏர்வாடில சங்கிலியோட கட்டிப் போட்டிருந்த 28 பேர் எரிஞ்ச பிறகுதான் மனநல இல்லங்களுக்கு லைசென்ஸ் இருக்கான்னு அரசாங்கம் கேட்டுச்சு. இந்த விஷயத்துல அப்படி ஒரு நாள் வரவே வராது. இங்க ஒரு வீட்ல ஒருத்தர், அடுத்த மாசம் வேற ஊர்ல இன்னொருத்தர், வயசாச்சு போயிட்டாங்கன்னு சொல்லி பதினாறாம் நாள் காரியம் பண்ணிட்டு எல்லாரும் கிளம்பிடுவாங்க. புண்ணுல சீழ் ஏறி செத்தாங்களா, கஞ்சி நுரையீரலுக்குப் போய் செத்தாங்களான்னு யாரும் எழுதி வெக்கிறதில்ல, அதனால யாரும் கூட்டிப் பாக்குறதும் இல்ல. நீங்களா முன்வந்து கூட்டிப் பாத்தாத்தான் உண்டு.

சட்டம் வர நாளாகும்னு எனக்குத் தெரியும், சட்டசபை, விதிகள், அரசாணைன்னு இருக்கு. அதுக்கு முன்னாடி கலெக்டர்கள் நாலு பேரும் இப்பவே பண்ணக் கூடியது ஒண்ணு இருக்கு. உங்க மாவட்டத்துல ஹோம் கேர்னு ஆள் அனுப்புற எல்லாரையும் ஒரு நாள் கலெக்டர் ஆபீசுக்குக் கூப்பிட்டு, பேரு, அட்ரஸ், எத்தனை பேரை அனுப்புறாங்க, அதுல பதிவு பண்ண நர்ஸ் எத்தனை பேருன்னு எழுதி வாங்கி மாவட்ட வெப்சைட்ல போடுங்க. வர்றவங்க யாரு வராதவங்க யாருன்னு தெரிஞ்சாலே வீட்டுக்காரங்களுக்கு பாதி கண்ணு திறந்துடும். அரசு ஆஸ்பத்திரி வார்டுகள்ல பிட் நோட்டீஸ் குடுக்குறவங்களை உள்ள விடாம, அந்த லிஸ்டை டிஸ்சார்ஜ் சீட்டோட சேத்துக் குடுங்க. முதியோர் உதவி எண் 14567ல போன் எடுக்குறவங்களுக்கு ஏஜென்சி மேல புகார் வந்தா யாருக்கு அனுப்பணும்னு சொல்லிக் குடுங்க. ஜேடி ஆபீசா, மாவட்ட சமூக நல அலுவலரா, எதுன்னாலும் சரி, ஒரு இடத்தைச் சொல்லுங்க. போன தடவை நாங்க ஒரு புகாரை எடுத்துட்டுப் போனப்ப ஒரு ஆபீஸ்ல இது எங்களுது இல்ல அங்க போங்கன்னாங்க, அங்க போனா இது தனிப்பட்ட ஒப்பந்தம் கோர்ட்டுக்குப் போங்கன்னாங்க, எண்பது வயசு அம்மாவை வெச்சுக்கிட்டு யாரு கோர்ட்டுக்குப் போறது.

வர்ற கிராம சபைல இதை தீர்மானமா வெக்கலாம்னு எங்க ஊர்லயும் பக்கத்து ஊர்லயும் பேசிட்டு இருக்கோம், மகளிர் குழுக்கள் கூட நிக்கிறதா சொல்லிருக்காங்க. தீர்மானம் நிறைவேறினா காப்பி உங்க நாலு ஆபீசுக்கும் ரெண்டு துறைக்கும் வரும். அதை எந்த அதிகாரிக்கு அனுப்பணும்னு முன்கூட்டியே எங்களுக்கு ஒரு வரி எழுதிட்டீங்கன்னா நேரா அங்கயே அனுப்பிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருவாரூர் மாவட்டம்